போயா அலுமாரி

“எழுதன்,” என்றார் றெஜி. “ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றோராம் ஆண்டிலே, மாட்சிமை தங்கிய அரசாங்க ஏஜன்டுத் துரை அவர்கள் வேண்டிக்கொண்டதற்கு இணங்க, எமது பூட்டனார் சைமன் டெலிமா அவர்கள் இந்த ஸ்தாபனத்தை…”

மேபல் பேனாவை மூடினாள்.

“துரை வேண்டிக்கொண்டவரா?”

“ஓம்.”

“ஒங்கட பூட்டனிட்டயா?”

“வேற ஆரிட்ட?”

“அந்த மனுசன் பீப்பாய்க்கு வளையம் அடிச்சவர். துரைர குதிரை போனாலும் தொப்பியக் கழட்டிற்று ஒதுங்கி நிண்டிருப்பார்.”

“இது கொழும்புக்குப் போற கடதாசி, மேபல். கொழும்புக்காரனுக்குப் பீப்பாயும் வளையமும் என்னத்துக்கு?”

ஆடி மாதம். கச்சான் காற்று படுவான்கரைப் பக்கத்திலிருந்து வாவியைத் தாண்டி வந்து, மட்டக்களப்பு நகரத்து வீடுகளின் கதவு, ஜன்னல், சோற்றுப்பானை என்று ஒன்றையும் விடாமல் புழுதி போட்டுக்கொண்டிருந்தது. மேபல் எழுதிய தாளிலும் புழுதி. அதை ஊதிவிட்டு எழுதினாள். துரை வேண்டிக்கொண்டார் என்றே எழுதினாள். அரசாங்கக் கச்சேரிக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் தட்டெழுத்தாளராக இருந்தவள் அவள். மேலே இருக்கிறவன் சொல்கிற பொய்யை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவது அவளுக்குப் புதிதில்லை.

டெலிமா அன்ட் சன்ஸ், வைன் மற்றும் மதுபான வியாபாரிகள், ஸ்தாபிதம் 1891. வாவிக்கரைத் தெருவில் கடை முன்னால், அதற்குப் பின்னால் வீடு. பலகையில் ‘சன்ஸ்’ என்று இருந்ததே தவிர, அந்தக் குடும்பத்தில் நான்கு தலைமுறையாகக் கடையில் நின்று வியர்வை சிந்திய ஒரு சன்னை யாரும் கண்டதில்லை. கல்லாவில் இருந்தார்கள், கதிரையில் இருந்தார்கள், ஈஸிச்செயாரில் படுத்தும் இருந்தார்கள். போத்தல் கழுவினதும், பெட்டி தூக்கினதும், வைக்கோல் சுற்றினதும் வேறு ஆட்கள். றெஜிக்குப் பிள்ளையுமில்லை. அவருக்குப் பிறகு சன்ஸ் யார் என்று கேட்டால் உத்தரத்தைப் பார்ப்பார்.

உண்மையான வரலாறு மேபலுக்குத் தெரியும். மாமனார் டட்லி உயிரோடு இருந்த காலத்தில், இரண்டாவது கிளாசுக்கும் மூன்றாவது கிளாசுக்கும் இடையில் அவரே வாயால் சொன்னது. சாராயக் குத்தகை எடுத்த காலி ஊர்க்காரர் ஒருவரிடம் சைமன் பீப்பாய் திருத்துகிற வேலை செய்தான். குத்தகைக்காரர் வாந்திபேதியில் போனார். அவருடைய ஆட்கள் காலியிலிருந்து மாட்டுவண்டியில் வந்து சேர்வதற்குள், கதவுக்கு மேல் சைமன் டெலிமா என்ற பலகை ஏறிவிட்டது. இதுதான் ஸ்தாபிதம்.

“அடுத்தது,” றெஜி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். “கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசை வைன் வழங்கிய பெருமை எமது ஸ்தாபனத்தையே சாரும்.”

“சாரும்,” என்றாள் மேபல். “ஆண்டவர் கானாவூர்ல தண்ணிய வைனாக்கினவர். ஒங்கட ஆக்கள் வைனத் தண்ணியாக்கினவங்க. ரெண்டையும் எழுதவா?”

“ஒனக்கு நாக்கு நீளம்.”

“கை நீளமில்லையே. சொல்லுங்க.”

சொன்னார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கூரை பறந்தபோதும் ஸ்தாபனம் நிலைகுலையவில்லையாம். கூரை பறந்த அன்று றெஜியும் டட்லியும் மேசைக்குக் கீழே கிடந்து ஜெபமாலை சொன்னதை மேபல் தன் கண்ணால் கண்டவள், புது மருமகள். போர்க்காலம் முழுவதும் மக்களுக்கு இடையறாத சேவையாம். இயக்கம் பூட்டச் சொன்னது, ஆமி திறக்கச் சொன்னது, பிறகு இயக்கம் திறக்கச் சொன்னது, ஆமி பூட்டச் சொன்னது. யார் சொன்னாலும் றெஜி முன்கதவைப் பூட்டினார், திறந்தார். பின்கதவைப் பற்றி எந்தத் துவக்குக்காரனும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்களும் அந்த வழியால்தான் வந்தார்கள்.

“சட்டத்தை மதித்து,” என்றார் றெஜி, குரலை உயர்த்தி, “பௌர்ணமிப் போயா தினங்களில் எமது ஸ்தாபனம் ஒருபோதும் ஒரு போத்தலைத்தானும் விற்றதில்லை.”

மேபல் எழுதவில்லை. தாளின் மேல் கையை வைத்துக்கொண்டு புருசனின் முகத்தைப் பார்த்தாள். அறுபத்தெட்டு வயது. பல் கட்டியிருக்கிறார். கன்னம் தொங்குகிறது. இந்த முகத்தைப் பார்த்துக் கோபப்படுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். இப்போது இருப்பது அருவருப்பு மட்டும். சாப்பாட்டில் ஈ விழுந்தால் வருகிறதே, அது.

“அத ஏன் எழுதோணும்?”

“அதுக்குத்தான் இந்தப் பாடு எல்லாம். இரு, சொல்றன்.” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசினால் ஏதோ கேட்கப்போகிறார் என்று அர்த்தம்.

சண்டை முடிந்து ஒரு வருடமாகிறது. பாசிக்குடாவில் ஹோட்டல் எழும்புகிறது. ஒன்றல்ல, வரிசையாக. அவற்றுக்கெல்லாம் மதுபானம் கொடுக்க ஒரு கொழும்புக் கம்பனி வந்திருந்தது. அவர்களுக்கு றெஜியின் கடையும் வேண்டாம், போத்தலும் வேண்டாம். 1891 என்ற பலகை வேண்டும், பழைய லைசன்ஸ் வேண்டும். வெள்ளைக்காரன் பழைய கடை என்றால் வாயைப் பிளப்பானாம். கம்பனியின் மனேஜராக வந்தவன் செட்டிபாளையத்துப் பொடியன், பிரதீஸ் என்று பெயர். கச்சான் காற்றில் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கத் திரிகிறவன். கடையின் வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதித் தரக் கேட்டதும் அவன்தான்.

“லைசன்ஸ் பேர் மாத்திறதுக்கு மதுவரிக் கந்தோரில பழைய ஃபைல எடுத்திற்றான்,” என்றார் றெஜி. “அதில ஒரு குறிப்பு இரிக்காம். ரெண்டாயிரத்து நாலு, டிசம்பர். டச்பார்ல கடல் அடிச்ச வீட்டில எங்கட கடை லேபல் ஒட்டின போத்தல் கனக்க எடுத்தது எண்டு. அது என்னெண்டு விளக்கம் கேக்கிறான்.”

“சொல்லுங்கவன் விளக்கத்த.”

“அப்பவே சொன்னதுதானே. மெல்றோய் குடிக்கிறதுக்குக் கொண்டுபோய் வச்சது. இப்ப அத ஒரு சத்தியக் கடதாசியா எழுதி, ஜே.பி.க்கு முன்னால செத்தவன்ர புள்ள கையெழுத்து வச்சா ஃபைல மூடிருவான். நீ எழுதித் தா. சார்மெயின்ட நீயே சொல்லு. நான் சொன்னா மூஞ்சியத் திருப்புவாள்.”

மேபல் எழும்பிக் குசினிக்குப் போனாள். பிரதீசுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வாங்கின இறால் சட்டியில் கிடந்தது. அதை உடைக்கத் தொடங்கினாள். தலையைத் திருகி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து. இரண்டு இறால் நிலத்தில் விழுந்தது.

மெல்றோய் அவளுடைய தம்பி. அவளுக்குப் பத்து வயது இளையவன். டச்பார் என்ற கடலோரக் கிராமத்தில் தகப்பன் விட்டுப்போன வீட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்தான். பெண்சாதி மஞ்சள் காமாலையில் போன பிறகு மகள் சார்மெயினையும் மரத்தூளையும் தவிர அவனுக்கு வேறு உலகம் கிடையாது. நல்ல தச்சன். மட்டக்களப்பில் அவன் செய்த கதவு இறுகாது, இளகாது. ஆனால் மச்சானுக்கு முன்னால் அவனுக்கு முதுகெலும்பு இருந்ததில்லை.

போயா என்றால் நாடு முழுவதும் சாராயக் கடை பூட்டு. அதனால் போயாவுக்குத்தான் ஊருக்குத் தாகம் கூடும். கடையில் விற்றால் லைசன்ஸ் போகும். ஆகவே றெஜி ஒரு வழி கண்டுபிடித்தார். மெல்றோய் ஒரு பெரிய அலுமாரி செய்தான். தேக்கு, மூன்று கதவு, உள்ளே தட்டுக்குப் பதிலாகப் போத்தல் நிற்கிற குழிகள். போயாவுக்கு முதல் நாள் பின்னேரம் போத்தல்களை வைக்கோல் சுற்றி அதற்குள் அடுக்கி, வாடகைக்கு ஓடும் அசனாரின் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில் ஏற்றி, கல்லடிப் பாலத்தைத் தாண்டி டச்பாருக்கு அனுப்புவார்கள். போயாவுக்கு மறுநாள் வெறும் அலுமாரி திரும்பி வரும். கேட்டால் திருத்த வேலை. பதினொரு வருடம், மாதம் ஒருமுறை, ஒரே அலுமாரி திருத்தப்பட்டது. பாலத்து ஆமிச் சென்றியில் நின்ற பொடியன்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பழையவன் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவான். அலுமாரி வந்தால் கதவைத் திறந்து கையை விட்டு ஒரு கால் போத்தலை எடுத்துக்கொண்டு, ‘ஹரி, போ’ என்பார்கள். ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

மெல்றோய் வீட்டில் இருந்து விற்பான். அவனுக்கு றெஜி படிப்பித்த பாடம் ஒன்றே ஒன்று. ஜீப் வந்தால் கதவைப் பூட்டு. உள்ளே குத்துத்தடி போடு. யார் தட்டினாலும், தெரிந்த குரலாக இருந்தாலும், ‘இஞ்ச ஒண்டுமில்ல, இண்டைக்குப் போயா’ என்று சொல்லு. தெரிந்த குரலை முன்னால் விட்டுத்தான் பொலிஸ் பின்னால் வரும்.

இவ்வளவும் செய்தவன் தன் வாழ்நாளில் ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. மணம் பிடிக்காது. போத்தல் உடைந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு கழுவுவான். கிறிஸ்மசுக்கும் அவனுக்கு ஜிஞ்சர் பியர்தான்.

இரண்டாயிரத்து நாலாம் வருடம் கிறிஸ்மஸ் சனிக்கிழமை வந்தது, போயா ஞாயிற்றுக்கிழமை. மெல்றோய் மகளோடு இங்கேதான் வந்து பெருநாள் சாப்பாடு சாப்பிட்டான். பின்னேரம் வாசலில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டான். “அத்தான், இந்த ஒருக்கா விடுங்களன். நாளைக்குப் புள்ள ஒண்டாச் சேர்ச்சுக்குப் போவம் எண்டாள்.”

“கிறிஸ்மசுக்கு அடுத்த நாள் போயா,” என்றார் றெஜி. “இப்பிடி ஒண்டு இனி எத்தின வருசத்துக்குப் பிறகு வரப்போகுது? சேர்ச் எங்கயும் ஓடாது. நீ போ.”

மேபல் குசினியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டது. அவள் கேக்கை வெட்டி முடித்து, தம்பிக்கு இரண்டு துண்டு கடதாசியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள். சார்மெயினை மட்டும் தங்களோடு வைத்துக்கொண்டாள். அதனால் பிள்ளை மிஞ்சியது.

முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசையன்று இராசாத்தி வந்தாள். டச்பாரில் மெல்றோய்க்குப் பக்கத்து வளவு, மீன் விற்கிறவள். புருசனையும் மாமியையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு அகதி முகாமிலிருந்து யாரோ கொடுத்த நீளச்சட்டையோடு வந்திருந்தாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தாள்.

“முதல்ல தண்ணி முழங்காலுக்கு வந்திட்டு இழுத்துக்கொண்டு போயிற்று நோனா. கடல் வத்திக் கிடக்கு. பொடியனுகள் மீன் பொறுக்க ஓடுறானுகள். மறுகா பொலிஸ் ஜீப் ஒண்டு ஹோர்ன் அடிச்சி அடிச்சி வருது. ‘ஓடுங்க, பாலத்துப் பக்கம் ஓடுங்க’ எண்டு கத்துறான். நாங்க ஓடுறம். மெல்றோயண்ணன் வாசல்லதான் நிண்டவரு. ஜீப்பக் கண்டாரு. டக்கெண்டு உள்ளுக்குப் போய்க் கதவச் சாத்திற்றாரு. குத்துத்தடி போடுற சத்தம் எனக்குக் கேட்டது.”

“நீ கூப்பிடல்லியா?”

“கூப்பிடாமயா? ரெண்டு கையாலயும் கதவுல அடிச்சன். ‘அண்ணன், கடல் வருது, வெளியில வாங்க’ எண்டு தொண்ட கிழியக் கத்தினன். உள்ளுக்கிருந்து மெதுவாச் சொல்றாரு, ‘இஞ்ச ஒண்டுமில்ல, இண்டைக்குப் போயா’ எண்டு.”

இராசாத்தி கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பொலிசுதான் என்னை விட்டுக் கூப்பிட வைக்கிது எண்டு நினைச்சிற்றாரு போல. நான் இன்னொருக்கா அடிச்சன். திரும்பவும் அதே கதை. மறுகா பனை உசரத்துக்கு வந்திற்று நோனா. நான் ஓடிற்றன்.”

மேபலுக்குச் சிரிப்பு வந்தது. அழவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்ததை நினைத்து அவள் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறாள். தம்பி செய்த கதவு. அவன் போட்ட குத்துத்தடி. இரண்டும் அசையவில்லை. கூரைதான் போனது. கதவுக்குப் பின்னால் அவனை எடுத்தார்கள். அலுமாரி வாவிக்குள் மிதந்து போய்க் கண்டல் மரத்தில் தட்டி நின்றது. அதற்குள்ளே ஒரு போத்தலும் உடையவில்லை. அவ்வளவு நல்ல தச்சன்.

அந்தப் போத்தல்களை வைத்துத்தான் கேள்வி வந்தது. செத்த வீட்டு வாசலில் நின்ற மதுவரி அதிகாரியிடம் றெஜி கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: “என்ன செய்யிற சேர், மச்சான் பெரிய குடிகாரன். கடையில இருந்து களவாக் கொண்டுபோய் வச்சுக் குடிக்கிறவன். கடல் வந்ததும் வெறியில தெரியாமக் கிடந்திருப்பான்.” உள்ளே சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பதினைந்து வயதுச் சார்மெயின் இருந்தாள். றெஜியின் குரல் சிறிய குரலல்ல.

மேபல் அப்போதும் பக்கத்தில்தான் நின்றாள். லைசன்ஸ் போனால் வீடு போகும், பிள்ளையையும் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று நினைத்தாள். இராசாத்தி வந்து சொன்ன பிறகாவது பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். “இத ஆருக்கும் சொல்லிராத இராசாத்தி” என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பினாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தொழில்தான் இருந்தது. றெஜியைக் கேவலமாகப் பார்ப்பது. காலையில், மத்தியானத்தில், கோயிலில், சாப்பாட்டு மேசையில். அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பதே பெரிய நியாயம் செய்வதாக ஐந்து வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பகல் ஒரு மணிக்குச் சார்மெயின் தான் மருந்து விற்கிற பாமசியிலிருந்து சாப்பிட வந்தாள். இருபத்தொரு வயது. தகப்பனின் நெற்றி, தகப்பனின் விரல். சட்டியைத் திறந்து பார்த்தாள்.

“இறாலா? யாருக்கு? கழுத்துப்பட்டிக்கா?”

“அவனுக்குத்தான். நீயும் போட்டுச் சாப்பிடு.”

பிட்டில் குழம்பை விட்டுக் குழைத்துக்கொண்டே சொன்னாள். “இண்டைக்கும் ஒருத்தன் வந்தான் அன்ரி. இருமல் பாணி ரெண்டு போத்தல் வேணுமாம். இருமல் ஒரு சொட்டும் இல்ல. கண் சிவந்து கிடக்கு. ஒன்ட புள்ளையக் கூட்டிக்கொண்டு வா, புள்ளைட்டத் தாறன் எண்டன். ஓடிற்றான்.”

மேபல் அவளுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“ஒரு கடதாசி இரிக்கு. நீ சைன் வைக்கோணுமாம்.”

“அங்கிளே பொறுக்காம இப்ப கடையில சொல்லிற்றார். வைக்கிறன்.”

“என்ன எழுதியிரிக்கெண்டு தெரியுமா?”

“டடா குடிகாரன் எண்டுதானே. அதுக்கென்ன? பொய்யா?”

“நீ கண்டியா அவர் குடிச்சத?”

“காணல்ல.” சார்மெயின் ஒரு இறாலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “அதுதான் பெரிய கள்ளம். எனக்கு முன்னால ஜிஞ்சர் பியர் குடிச்சிக் காட்டினவர். எவ்வளவு நடிப்பு அன்ரி! அங்கிள் எண்டாலும் பரவால்ல, எல்லாருக்கும் முன்னால குடிக்கிறார். இவர் நல்லவன் மாதிரி எனக்குச் சப்பாத்து மாட்டி விட்டு, தலை வாரி இழுத்து விட்டு… சேச்சே.”

இதுதான் மேபலுக்குத் தாங்க முடியாதது. றெஜி தம்பியைக் குடிகாரனாக்கினார். தான் வாய் மூடியிருந்ததால் பிள்ளை அவனைக் கள்ளனாகவும் ஆக்கிவிட்டது. அவன் செய்த ஒவ்வொரு அன்பும் இப்போது நடிப்பு. அவன் படம் ஒன்றைத் தன் அறையில் வைக்க அவள் விடுவதில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த வருவதில்லை.

“சார்மெயின்,” என்றாள்.

“என்ன?”

வாசலில் பிரதீசின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. “கொஞ்சம் குழம்பு விடவா?” என்று கேட்டாள் மேபல்.

அன்று பின்னேரம் சத்தியக் கடதாசியை எழுதினாள். தன்னுடைய குண்டு குண்டான, கச்சேரியில் பேர் வாங்கின எழுத்தில். எழுத்துப் பிழை இல்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை முன்மண்டபத்தில் எல்லோரும் கூடினார்கள். றெஜி சலவை வேட்டி மாதிரி விறைத்த வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். பிரதீஸ் நாலு பக்க வரலாற்றை வாசித்துவிட்டு, “சூப்பர் அங்கிள், துரைர கதை நல்லா எடுபடும்” என்றான். ஜே.பி. என்கிற சமாதான நீதவான் மீராசாஹிப் தன் ரப்பர் முத்திரையையும் மைப்பெட்டியையும் மேசையில் வைத்துவிட்டு, கொடுத்த சோடாவை, போத்தலை இரண்டு தடவை திருப்பி லேபலைப் பார்த்த பிறகு குடித்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற மனுசன், இந்தக் கடைக்குள் கால் வைத்ததே இதுதான் முதல் தடவை. சார்மெயின் பாமசியில் அரைமணி நேரம் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

மீராசாஹிப் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடதாசியை உரத்து வாசித்தார். எனது தந்தையார் மெல்றோய் என்பவர் நீண்டகாலமாகக் கடும் மதுப் பழக்கத்துக்கு உட்பட்டிருந்தார் என்றும், அவரது வீட்டில் காணப்பட்ட போத்தல்கள் யாவும் அவர் தமது சொந்தப் பாவனைக்காக ஸ்தாபனத்தாருக்குத் தெரியாமல் எடுத்துச் சென்றவை என்றும், இத்தால் சத்தியம் செய்கிறேன்.

“வாசிச்சது விளங்கினதா, மகள்?”

“ஓம்.”

“இதில உள்ளதெல்லாம் உண்மையா?”

“ஓம்,” என்று சொல்லிச் சார்மெயின் பேனாவை எடுத்தாள்.

“இல்ல,” என்றாள் மேபல்.

எழும்பி நின்றுவிட்டாள். அவளுக்கே தன் குரல் வேறொருத்தியின் குரல் மாதிரிக் கேட்டது. “பொய். என் தம்பி குடிச்சவன் இல்ல. ஒரு சொட்டுக் குடிச்சவன் இல்ல. இந்த மனுசன்தான் போயாவுக்குப் போயா அலுமாரிக்குள்ள போத்தல் அடுக்கி அவன்ட வீட்டுக்கு அனுப்பினவர். அண்டைக்கு ஜீப் வந்து ஓடுங்க எண்டு கத்தினது. அவன் அத றெய்டு எண்டு நினைச்சிக் கதவப் பூட்டிற்று உள்ளுக்கு இருந்து செத்தவன். இராசாத்தி கண்ணால கண்டவள். ஒங்கட லைசன்சுக்காக இருந்து செத்தவன் றெஜி! ஒங்கட நாறின லைசன்சுக்காக!”

சொல்லிவிட்டு மேல்மூச்சு வாங்கினாள். கூரை இடிந்து விழும், றெஜி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார், பிரதீஸ் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடுவான் என்றெல்லாம் அவள் இந்தக் கணத்தை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

பிரதீஸ் சிரித்தான். “என்ன அன்ரி, நானும் என்னமோ ஏதோ எண்டு பயந்திற்றன். இதென்ன புதுக் கதையா? எங்கட அப்பா செட்டிபாளையத்தில இருந்து சைக்கிள்ள வந்து அங்கதானே வாங்கிறவர். போயா அலுமாரி எண்டா கரையோரம் பூரா தெரியும்.”

“நான் வாயில வைக்காதவன், எனக்கே தெரியும் மிஸிஸ்,” என்றார் மீராசாஹிப், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. “அந்த மனுசன் நல்ல மனுசன். எங்கட மதரசாக்குக் கதவு செஞ்சி தந்தவர். குடிக்கமாட்டார், அதுவும் தெரியும். அந்த மீன்காரப் புள்ள காம்புல எல்லாருக்கும் சொல்லி அழுததுதானே. என்ன செய்யிற? கந்தோருக்குக் கடதாசி ஒண்டு தேவை. கடதாசி வேற, உண்மை வேற.”

“பாத்தியா?” என்றார் றெஜி. ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தார். “சும்மா கிடந்து பதறுற.”

மேபலுக்குக் காது அடைத்தது. ஊர் முழுவதும் தெரிந்து வைத்துக்கொண்டு, தெருவில் கண்டால் ‘பாவம், அந்தக் குடிகாரன் மகள்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவனிடம் வாங்கிக் குடித்தவனும் சொன்னான். குடிக்காதவனும் சொன்னான். தூ, என்ன சனம் இது என்று அவள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். பார்வை கடைசியாகச் சார்மெயினிடம் போனது.

பிள்ளை அழவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

“எல்லாருக்கும் தெரியுமா?”

மீராசாஹிப் துடைத்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

“அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது.”

“புள்ள, நான் ஒன்ட நன்மைக்குத்தான்…” என்று தொடங்கினாள் மேபல்.

“இராசாத்தி அக்கா எப்ப வந்து சொன்னவ?”

“முப்பத்தோராம் நாள்.”

“நான் அப்ப பின்னறையில இருந்திருப்பன்.” சார்மெயின் நிதானமாகப் பேசினாள். பாமசியில் குடிகாரனிடம் பேசுகிற அதே குரல். “அங்கிளப் பத்தி எனக்குத் தெரியும் அன்ரி. அவர் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு நீங்க எனக்கு நாளைக்குப் பத்துத் தரம் சொல்றீங்க. சாப்பிடேக்க சொல்றீங்க, சேர்ச்சில சொல்றீங்க. கல்லறைக்கு வா எண்டு வருசத்துக்கு ஒருக்காக் கூப்பிடுவீங்க. நான் மாட்டன் எண்டதும் பேசாமப் போயிருவீங்க. அவ்வளவு கதை கதைக்கிற வாய்க்கு இது ஒண்டு சொல்ல ஏலாமப் போயிற்று, என்ன?”

கடதாசியை மேபலின் பக்கம் தள்ளிவிட்டாள்.

“ஒங்கட எழுத்துத்தானே. கையெழுத்தையும் நீங்களே வைங்க.”

வெளியே போய்விட்டாள். கடைக்கு முன்னால் தெருவில் புழுதி சுழன்றது. குடையை விரித்தாள், காற்று அதைப் பிரட்டிப் போட்டது, மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாமசி இருக்கிற பக்கமல்ல, பாலத்துப் பக்கம்.

பிரதீஸ் வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பிறகு றெஜி தொண்டையைச் செருமினார்.

“ஜே.பி., கிட்டின உறவு எண்டா அக்காவும் சரிதானே?”

“சரிதான்,” என்றார் மீராசாஹிப் தயக்கத்தோடு. “உடன்பிறந்த சகோதரி எண்டா ஏத்துக்கொள்வாங்க.”

“மேபல், வச்சிரு. புள்ள பின்னேரம் வந்திருவாள். நான் கதைக்கிறன்.”

மேபல் பேனாவை எடுத்தாள். றெஜி முகத்தில் சிரிப்பு வந்தது, கட்டின பல் எல்லாம் தெரிந்தது. அந்தப் பல்லை வெறுக்கவும் அவளுக்கு இப்போது ஓடவில்லை. நேற்றுத் தான் எழுதிய வரிகளின் மேல் ஒரு கோடு போட்டாள். கீழே இடம் இருந்தது. அதில் எழுதி, பேரை வைத்து, மீராசாஹிப்பிடம் நீட்டினாள்.

“வாசிங்க. வாசிச்சுத்தானே சீல் அடிக்கோணும்.”

அவர் கண்ணாடியைப் போட்டார். முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு வேறு வழியில்லாமல் உரத்து வாசித்தார்.

“எனது தம்பி மெல்றோய் ஒருநாளும் குடித்தவனல்ல. அவன் குடிகாரன் என்று அவனுடைய மகளை ஐந்து வருடம் நம்பவிட்டவள் நான். மேபல் டெலிமா.”

“விசர் பிடிச்சிற்றா ஒனக்கு?” என்று றெஜி எழும்பினார். பிரதீஸ் கழுத்துப்பட்டியை இளக்கினான்.

மீராசாஹிப் முத்திரையைக் கையில் எடுத்தார், வைத்தார், திரும்பவும் எடுத்தார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“இதில உள்ளதெல்லாம் உண்மையா, மிஸிஸ்?”

“ஓம்,” என்றாள் மேபல். அதைக் கேட்க வேண்டியவள் அங்கே இருக்கவில்லை.